மிச்சப் புள்ளிகள்

செந்தூலில் எழுத்து விற்கிறேன்.
அக்ரிலிக்கில் வெட்டி, உள்ளே விளக்கு வைத்து,
ஓரடி எழுத்து நாற்பது வெள்ளி.
ழகரத்துக்கும் அதே விலைதான்.
வெட்ட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும் என்று
யாரிடமும் சொல்வதில்லை.

இது மூன்றாம் வருடம்.
முதல் வருடம் சிரித்துக்கொண்டே போனது.
கடன் அப்போது புதுச் செருப்பு,
கடித்தாலும் பெருமை.
இரண்டாம் வருடம் பங்காளி குலசேகரன்
மச்சானோடு சிங்கப்பூருக்குப் போகிறேன் என்றான்.
இயந்திரத்தில் பாதி அவனுடையது.
பாதி இயந்திரம் எதையும் வெட்டாது.
அவன் பாதியை நானே வாங்கிக்கொண்டேன்,
மாதம் அறுநூற்றைம்பது,
இன்னும் பதினெட்டு மாதம்.

ஏழாம் தேதி கடை முதலாளி யாப் வருவார்.
வாடகை என்ற சொல்லை எடுப்பதே இல்லை.
நாற்காலியில் உட்கார்ந்து,
கோப்பி ஓ பொட்டலத்தை மெல்ல உறிஞ்சி,
'பிஸ்னஸ் மச்சாம் மானா?' என்பார்.
அதற்கு இரண்டு பதில்தான் உண்டு.
ஒன்று பொய். இன்னொன்று பாதி வாடகை.

ஏணியில் நின்று நான் மாட்டிய பெயர்கள்
ஜாலான் ஈப்போ நெடுக எரிகின்றன.
எது எத்தனை நாள் எரியும் என்று
மாட்டும்போதே ஒரு கணக்குப் போடுவேன்.
பெரிய எழுத்துக் கேட்பவர் சீக்கிரம் மூடுவார்.
முன்பணத்தில் ஐம்பது குறைக்கச் சொல்லி
வாசலிலேயே நிற்பவர் தாக்குப்பிடிப்பார்.
பலமுறை தப்பிய கணக்கு இது.
என் கடைக்குப் பலகை கிடையாது.
அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று
இருபத்தாறு மாதமாகச் சொல்லி வருகிறேன்.

மழைக்கு முந்திய ஒரு மாலையில் நேசமலர் அழைத்தாள்.
'நேசமலர் கேக் இல்லம்.'
பதினோரு எழுத்து, நான்கு புள்ளி,
மாட்டிப் பத்தே மாதம்.
'கழற்றணும் அண்ணே.'
கழற்றவும் கூலி உண்டு, எண்பது.
கேட்க வாய் வரவில்லை.
கேட்டேன்.

கடைசி எழுத்திலிருந்து தொடங்கினேன்.
இல்லம் போனது. கேக் போனது.
ரகரப் புள்ளி கைநழுவிக் கால்வாயில் விழுந்தது.
லகரம் திருகாணி துருவேறி அடம்பிடித்தது,
அதுவும் வந்தது.
கீழே ஏணியைப் பிடித்திருந்தவள்
அண்ணாந்து பார்த்து
திடீரென்று சிரித்தாள்.
'இப்ப ஒரு புள்ளி வெச்சா நேசம்னு ஆயிடும்.'
மேலே இருந்ததால்
என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

பலகைக்கு முந்நூறு பாக்கி இருந்தது.
மாதம் ஐம்பது தருகிறேன் என்றாள்.
நானும் குலசேகரனிடம்
அதே குரலில்தான் சொல்லியிருந்தேன்.

எழுத்துகளை மீண்டும் விற்க முடியாது.
ஒருவர் மகரம் இன்னொருவருக்கு
உயரம் பொருந்தாது.
புள்ளிகள் மட்டும் தங்கிவிடும்.
இருபது சென் காசளவு வட்டங்கள்,
மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய.
மூடிய முடிதிருத்தகம், மூடிய டியூஷன் மையம்,
மூன்று மாதமே எரிந்த ஒரு மீன்கறிக் கடை.
முற்றுப்புள்ளி என்று
தவமணி ஒருநாள் கேலி செய்தாள்.
மனைவி சொல்லுக்கு மறுப்பில்லை.
ஆனாலும் டப்பாவை அவளும் எறியவில்லை.

ஐம்பது, ஐம்பதாக
ஐந்து முறை வந்தது.
ஆறாம் முறை நேசமலரே வந்தாள்,
கையில் பணமும் அளவெடுத்த துண்டுக் காகிதமும்.
வீட்டு அடுப்பில் சுட்டு
பசார் மாலாமில் விற்கிறாளாம்,
மேசைக்கு முன் தொங்கவிட
இரண்டடியில் ஒரு பலகை வேண்டுமாம்.
'எழுத்து சின்னதா இருக்கட்டும்.
முன்பணத்துல ஐம்பது கொறைங்க.'
முடியாது என்றேன்.
அவள் வாசலைவிட்டு நகரவில்லை.

இரவு பத்தரை. இயந்திரம் ஓடுகிறது,
முழு இயந்திரம்.
நாளை ஏழாம் தேதி.
ரகரத்தை வெட்டித் தூசி ஊதிவிட்டு
டப்பாவைக் கவிழ்த்துத் தேடுகிறேன்.
அளவில் பொருந்தியது ஒன்றே ஒன்று,
மீன்கறிக் கடைப் புள்ளி.
நிறம் சற்று வேறு.
விளக்குப் போட்டால் தெரியாது.