கசூரினா, சனிக்கிழமை, ஆறரை

ஒன்பது மணிக்கு இவர்களுக்கு ரியூசன்.
அதற்குள் கடல் முடிந்துவிட வேண்டும்.

பொன்னாலைப் பாலத்தால் வந்த வானிலிருந்து
ஆறு துவாய்கள் இறங்குகின்றன,
அவற்றுக்குள் ஆறு பிள்ளைகள்.
சோளகம் தரையைத் தாண்டி வரும்போதே களைத்துவிடும்,
இந்தப் பக்கத்துக் கடல் ஆடிவரைக்கும் வாய் திறக்காது.
நூறு அடி நடந்தாலும் எனக்கு இடுப்பளவு.
பிள்ளைகளுக்கு அது கழுத்து.

"தலை நனையாமல் பழக்கேலாதோ தங்கச்சி?
யதுஷாவுக்கு முட்டு இருக்கு"
என்று கேட்ட தாய்க்கு
மறுமொழி இன்னும் தேடுகிறேன்.
ஒரு தகப்பன் போனைத் தூக்கிப் பிடித்தபடி
காற்சட்டை நனைவது தெரியாமல் வருகிறார்.
கனடாவுக்கு அனுப்ப வேண்டுமாம்.

முதற்பாடம் ஊதுவது.
"பிளேன்ரீ ஆத்துற மாதிரி ஊது.
இன்னும் சூடு. இன்னும்."
அக்சரன் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான்.
மூக்கால் மூன்று குமிழி வந்தது,
மேலே ஒன்று, கீழே இரண்டு.
"ஃ!" என்று கத்தினாள் ஆருஷி,
போன மாதம்தான் அந்த எழுத்தைப் படித்தவள்.
பிறகு எல்லோரும் ஃ எழுதினார்கள்.
எழுத எழுதக் கடல் அழித்தது.
பிழை திருத்த ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இரண்டாம் பாடம்தான் கடினம்:
ஒன்றும் செய்யாமல் இருப்பது.
மல்லாந்து கிட. காதுக்குள் தண்ணீர் போனால் போகட்டும்.
வயிற்றை வானத்துக்குக் காட்டு.
எழுது, பாடமாக்கு, கெதியாய்ச் சாப்பிடு, ஓடு
என்று ஏவல் வினைகளால் நிரம்பிய உடம்புகள்
ஒவ்வொன்றாய்த் தாழ்கின்றன.

நிவேதகனுக்கு ஐந்தாம் வகுப்பு,
கொஞ்ச நாளில் புலமைப்பரிசில்.
"அக்கா, மிதக்கிறதுக்கு எத்தினை மாக்ஸ்?"
"ஒண்டும் இல்லை."
"அப்ப ஏன் மிதக்க வேணும்?"

போன மார்கழி, பதினேழாம் வாட்டில் இரவு வேலை எனக்கு.
மழைக்கு நிரம்பிய குளத்திலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள்.
குளம் அவனுக்கு நெஞ்சு மட்டம்தான்,
அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.
தகப்பன் ஒரு சின்னச் செருப்பைக் கையில் வைத்திருந்தார்.
மற்றதைத் தேடப் போகவேண்டும்,
இருட்டினால் தெரியாது, என்றார்
இரவு இரண்டு மணிக்கு.

"சும்மா" என்றேன் நிவேதகனிடம்.
"சும்மா மிதக்கிறது."
"சும்மாவோ?" என்று
சந்தேகத்தோடு கிடந்தான். தாழ்ந்தான்.
இருமினான். திரும்பக் கிடந்தான்.

கடைசியாக யதுஷா.
என் உள்ளங்கையில் அவள் முதுகு,
மூச்சுக்குள் மெல்லிய ஒரு விசில்.
ஒரு விரலை எடுத்தேன். பிறகு ஒன்று.
சின்னிவிரல் கடைசியாக வந்தது.
சாதாளை ஒன்று அவள் காலில் சுற்றிக்கொண்டது,
உதறவில்லை.
கரையில் நின்ற தாய்
சுரிதாரோடு முழங்கால் வரைக்கும் வந்துவிட்டாள்,
ஆனால் கூப்பிடவில்லை.
வாய்க்குள் இருபது எண்ணினேன்.
எடுக்கவே இல்லை என்பதுபோல்
கையைத் திரும்ப வைத்தேன்.

வானில் ஏறும்போது
துவாய்க்குள்ளிருந்து ஒரு குரல், என் காதோடு:
"நீங்கள் கையை எடுத்தனீங்கள். எனக்குத் தெரியும்."
"ஏன் அப்ப சொல்லேல்லை?"
"சொன்னால் நீங்கள் பயந்திடுவியள்."

எட்டேகால்.
மணல் ஒட்டிய ரியூசன் கொப்பிகள், பணிஸ், ஒரு சீப்பு ஆறு தலைக்கு.
எண்ணிப் பார்க்கிறேன். ஆறு.
திரும்பவும் ஆறு.
"அக்கா, என்ரை ஒரு செருப்பைக் காணேல்லை!"
நிவேதகன்தான்.
வானுக்குள் இருந்துதான் கத்துகிறான்,
தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாய் நிறையப் பணிஸோடு.

என்றாலும் நான்
கடலைப் பார்த்துவிட்டுத்தான்
அவனைப் பார்த்தேன்.