அறுபது கிராம்

நூறு லிட்டர் நன்னாரிப் பாகுக்கு
அறுபது கிராம்.
நகைத்தராசில்தான் நிறுப்பேன்.
தெற்காவணி மூலவீதியில் ஓர் அடகுக்கடை
இழுத்து மூடியபோது
சாந்தாராம் அண்ணன் வாங்கிப் போட்டது.
எத்தனை தாலியை நிறுத்ததோ அந்தத் தட்டு,
இப்போது சோடியம் பென்சோவேட்.

வெந்நீரில் கரைத்து இதை முதலில் ஊற்றணும்.
அப்புறம்தான் எலுமிச்சை உப்பு.
மாற்றிச் செய்தால்
அண்டாவில் பொடுகு மிதக்கும்.
ஆனால் புளிப்பு இல்லாத இடத்தில்
இது வேலையே செய்யாது.
இனிப்புக்குக் காவல் நிற்கப் புளிப்பு கேட்கும்
என்று ஒச்சம்மாவிடம் சொன்னேன்.
"எங்க மாமியா மாதிரின்னு சொல்லு"
மூடி திருகிக்கொண்டே சொன்னாள்.

அவனியாபுரம் வந்த புதிதில்
எதை எடுத்தாலும்
பின்பக்கம் படிக்கிற வியாதி பிடித்தது.
பையனின் இருமல் மருந்து,
பல் விளக்கிய பின் கொப்பளிக்கிற நீலத் தண்ணி,
புரோட்டாக் கடையின் சிவப்பு சாஸ்,
எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம்.
இருநூற்றுப் பதினொன்று.
மாட்டுத்தாவணிக் கூட்டத்தில்
தெருக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.
நீ இங்கேயுமா?

மே மாதம், ஒரு திங்கள், பதினோரு மணி.
பொட்டலத்தை நிறுத்து மடித்துக்
கையில் வைத்திருக்கிறேன்,
வக்கீல் கூப்பிட்டார்.
ஒன்பது வருஷக் கேஸ்,
ரெண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை.
"முடிஞ்சுதும்மா. காப்பி வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்க."
சரி சார் என்றேன்.
எலுமிச்சை உப்பைக் கொட்டினேன்.
கிளறினேன்.

ராத்திரி சேலையை உதறும்போது
மடியிலிருந்து விழுந்தது பொட்டலம்.

யாரிடமும் சொல்லவில்லை.

இருபதாம் நாள் திருமங்கலத்திலிருந்து போன்.
நடுச்சாமத்தில் கடைக்குள்ளே டப் டப்பென்று சத்தமாம்,
திருடன் என்று கம்போடு போயிருக்கிறார் கடைக்காரர்.
ஷட்டரைத் தூக்கினால்
சுவரெல்லாம் நன்னாரி,
கூரையில் மூடி பட்ட வடு,
அந்த நேரத்திலும் எறும்பு.
மிச்சம் பதினான்கு பாட்டில் திரும்பி வந்தது,
வயிறு உப்பி.

என் சம்பளத்தில் ஆயிரத்து நானூறு பிடித்தார் அண்ணன்.
எப்படி மறந்தே என்று கேட்டார்.
வெயில் என்றேன்.

ஒன்றை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.
பையன் தூங்கியதும்
துணி போர்த்தி மெதுவாய்த் திருகினேன்.
நுரை பொங்கி முழங்கை வரை வழிந்தது.
கள்ளுமில்லை, சர்பத்துமில்லை,
கரகரவென்று ஒரு புளிப்பு.
அரை தம்ளர் குடித்தேன்.
பிறகு இன்னொரு அரை.

காலையில் தராசு அறுபது புள்ளி இரண்டு காட்டியது.
நகக்கண்ணில் கொஞ்சம் எடுத்தேன்.
அறுபது.