எட்டாம் இலக்கம்

கோல் அடித்தவன் இஹ்திஸாம்.
அவனுக்குப் பந்து கொடுத்தவன் ரெஜீவன்.
ரெஜீவனுக்குக் கொடுத்தவன் நான்.
பேப்பரில் முதற்பெயர் வரும்,
இடமிருந்தால் இரண்டாவதும்.
மூன்றாவதை எழுதும் அளவுக்கு
எந்த நிருபரின் பேனையிலும் மையில்லை.

பதினேழு வருசம்
அந்த மூன்றாம் பெயர்தான் நான்.

பாலையூற்றிலிருந்து சைக்கிள் உழக்கி வந்த முதல்நாள்
என்னை எங்கே விடுவதென்று யோசித்தார்கள்.
வேகம் காணாது, ஓரத்துக்கு வேண்டாம்.
உயரம் காணாது, பின்னுக்கும் வேண்டாம்.
முகத்தில் கோபமே இல்லை, முன்னுக்கு எதற்கு?
மிச்சம் கிடந்தது நடு.
பிறகுதான் கண்டேன்,
மிச்சமென்று தந்த இடத்தால்தான்
எல்லாரும் போய் வருகிறார்கள்,
மடத்தடிச் சந்தி மாதிரி.

சந்தியில் நிற்பவனுக்கு ஒரே வேலை
தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பது.
பந்து வரமுதல் இடம் ஒருதரம்,
வலம் ஒருதரம்,
தோளுக்கு மேலால் பின்னுக்கும் ஒருதரம்.
பந்து காலுக்கு வந்தபின் பார்ப்பவன் பிந்திவிட்டான்.
அந்த வருசங்களில் இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும்
பின்னுக்குப் பார்க்கப் பயிற்சி தேவைப்படவில்லை.
கலியாண மேடையிலும் அப்படியே பார்த்தேனாம்.
'ஆரைத் தேடினீங்கள்?' என்று
நிரோஜினி இன்னும் விடுகிறாள் இல்லை.

கொழும்புக் கழகத்தில் ஓர் அறைக்கு ஐந்து பேர்.
என் பெயர் அங்கே 'திருமலை'.
'மெதட! மெதட!' என்று கத்துவார்கள்,
நடுவுக்குத் தா என்று.
சோதனைச் சாவடியில் படித்த சொற்களுக்குப் பிறகு
பயமில்லாமல் படித்த
முதல் சிங்களச் சொல் அது.
என்னைக் கூப்பிடுகிற சொல்லாகவும் இருந்தது.

பிறகு மாலைதீவு, இரண்டு பருவம்.
செயற்கைப் புல். விழுந்தால் தோல் கழரும்.
டொலரில் சம்பளம், மூன்று மாதம் பிந்தி.
அதில்தான் வீட்டுக்கு ஓடு போட்டது.
இரண்டாம் பருவத்தின் ஒன்பதாம் ஆட்டத்தில்
ஒருவரும் இடிக்கவில்லை,
ஒருவரும் கிட்ட இல்லை.
திரும்பிப் பார்க்கத் திரும்பினேன்.
முழங்கால் திரும்பவில்லை.
அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.
கழகம் டிக்கற் போட்டுத் தந்தது,
ஒருவழி.

இப்போது சீனக்குடாப் பக்கம், மா ஆலையில்,
லொறி நிறுக்கிற மேடையில் இருக்கிறேன்.
உள்ளே போகையில் ஒரு நிறை,
வெளியே வருகையில் ஒரு நிறை,
கழித்தால் கணக்கு.
இரவு வேலையில், லொறி வராத நேரத்தில்,
நானும் ஏறி நின்று பார்த்தேன்.
அந்த மேடைக்கு நானொரு பாரமே இல்லை, முள் அசையவில்லை.
பார்மசித் தராசில்தான் தெரிந்தது:
போனபோது ஐம்பத்தெட்டு,
இப்போது அறுபத்தொன்பது.
வித்தியாசம் பதினொன்று.
ஓர் அணி.

ஞாயிறுகளில் மாவட்ட லீக் ஆடினேன்,
முழங்காலுக்கு நீலப் பட்டி கட்டி.
ஓடாமல் ஆடப் பழகினேன்.
பந்து ஓடட்டும், அதற்கு முழங்கால் இல்லை.

போன ஞாயிறு ஆட்டம் தொடங்கப் பிந்தியது.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
நடுவட்டத்துக்குள் வந்து நின்று அசையவில்லை.
கைதட்டினார்கள், விசில் ஊதினார்கள்.
அது இடம் பார்த்தது, வலம் பார்த்தது,
தோளுக்கு மேலால் ஒருதரம் பார்த்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஆட்கள் விலகினபிறகு
தன்பாட்டில் போனது.

எழுபத்தோராவது நிமிசம்
பலகையில் எட்டு, சிவப்பில்.
எனக்குப் பதிலாக வரவேண்டிய பெடியன்
கோட்டில் நின்று துள்ளிக்கொண்டிருந்தான்.
அவனை நோக்கி நடந்தேன்.
மத்தியஸ்தர் மறித்தார், அவருக்கும் இருபத்தைந்து இருக்காது.
'அண்ணை, அந்தப் பக்கம் வேண்டாம்.
கிட்டவுள்ள கோட்டால போங்கோ.'
புது விதியாம்.

இடம் பார்த்தேன்.
வலம் பார்த்தேன்.
பதினேழு வருசம் நடுவில் நின்றவனுக்கு
எந்தக் கோடு கிட்ட?

'நேரம் போகுதண்ணை' என்றார்.

காற்று வந்த பக்கமாய்ப் போனேன்.