லிப்ட் பழுது

பதினொரு வருஷம் நான் ஓட்டிய வெள்ளை வேனில்
முன்னிருக்கை அவருடையது.
மிஸி தவமலர்.
மடியில் பை, பைக்குள் பழுப்புப் புட்டி,
புட்டியின் இடுப்பில் ஒரு ரப்பர் வளையம்,
நேற்று மருந்து எதுவரை நின்றது என்பதற்கு.

பினாங்கின் இந்தப் பக்கம் பாயா தெருபோங்,
பாலம் தாண்டினால் பிறை.
எத்தனை கதவுகள்,
வாசலில் எத்தனை செருப்புகள்.
வலி என்ற சொல்லை மட்டும்
ஐந்து மொழியில் வைத்திருந்தார்.
சாக்கிட் என்றால், எங்கே என்பார்.
தியா என்றால், எப்போதிலிருந்து என்பார்.
ஒன்றுமே சொல்லாதவர்களிடம்தான்
அதிக நேரம் உட்காருவார்.

பாலத்தில் மட்டும் தூங்குவார், வாய் திறந்து.
லோரிகளுக்குப் பின்னால்
வேண்டுமென்றே மெதுவாக வருவேன்.

ஜெலுத்தோங்கில் ஒருவர்,
தண்ணீர் இறங்காத தொண்டை.
கோப்பி ஓ வாங்கி வரச் சொன்னார் என்னை.
பஞ்சில் தோய்த்து உதட்டில் வைத்தார்.
"சீனி பத்தலை" என்றார் அந்த மனுஷன்.
மறுபடி கடைக்கு ஓடினேன்.

ரபிகுல்,
சுவர் பூசும் வேலை, தாடையில் புற்று,
சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே படுக்கை.
பாஸ்போர்ட்டும் நாலு மாதச் சம்பளமும்
முதலாளியின் அலமாரியில்.
மிஸி அந்த ஆபீசுக்குப் போனார்.
சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.
முதலாளியின் மேசையிலேயே வைத்து
நிதானமாகச் சாப்பிட்டார்.
பிறகு எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார்,
மூன்று மணி நேரம்.
குழம்பு விரல்களில் காய்ந்து வெடித்தது.
அலமாரி திறந்து, பணம் எண்ணி வைத்த பிறகுதான்
கை கழுவ எழுந்தார்.
வேனில் ஏறியதும் அவர் சொன்னது இவ்வளவுதான்:
"மீன்ல உப்பு ஜாஸ்தி."

இன்னொருவர் இங்கேயே பிறந்தவர்,
நீலக் கார்டு கிடைக்காதவர்.
பிறந்ததற்குத் தாள் எங்கே என்று
அறுபது வருஷம் திருப்பி அனுப்பிய இடத்துக்கு
இறந்ததற்குத் தாள் வாங்கப் போனோம்.
பத்தே நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள்.
மிஸி அன்றைக்கு அழுதார்.
வேறு எதற்கும் அழுது நான் பார்த்ததில்லை.

அவர் குடியிருந்தது பதினான்காவது மாடி.
லிப்டுக்காக முப்பத்தொரு கடிதம் எழுதியிருந்தார்,
ஏழாம் மாடியில் ஒருவர்
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகவேண்டும் என்று.
கணையத்தில் வந்தபோது
நோயாளிகள் பட்டியலில்
தன் பெயரைத் தானே எழுதினார்.
எழுத்து கோணவில்லை.

படியேறிப் போவேன்.
"லிப்ட் சரியாயிடுச்சா?"
"ஆயிடுச்சு மிஸி."
என் சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
காற்றாடியை என் பக்கம் திருப்பினார்.

பெட்டியும் படி வழியாகத்தான் இறங்கியது.
நேப்பாளக் காவலாளி, எதிர்வீட்டு ஆ செங்,
டயாலிசிஸ்காரரின் மகன், நான்.
ஒன்பதாம் மாடித் திருப்பத்தில்
கிடையாகத் திரும்பவில்லை.
நிமிர்த்தினோம்.
மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம் வரை
மிஸி
நின்றார்.

மிஞ்சிய மருந்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்,
அவரே வைத்த விதி.
வளையத்துக்குக் கீழே ஒரு விரற்கடை இருந்தது.
படிவத்தில் ஒரு கட்டம்,
இறந்தவருக்கு என்ன உறவு.
ஓட்டுநர் என்று எழுதினேன்.
கவுண்டர்ப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
அடித்தேன்.
வேறு என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்,
எனக்குப் பின்னால்
வரிசை.