அரைப் புள்ளி

திங்கள் காலை பலகையில் ஆறரை.
கார்வெல் ஸ்டேட் ஆறரைப் புள்ளி விட்டுக்கொடுக்கிறது,
வாங்கிக்கொள்ள ஆளிருக்கிறது.
நான் மூன்றாம் சன்னல். சட்டையில் மார்லிஸ் என்றிருக்கும்.
பணம் வாங்குவேன், சீட்டுக் கொடுப்பேன்.
யார் ஜெயிப்பார்கள் என்று கேட்பவரிடம்
கழிப்பறை இடப்பக்கம் என்பேன்.

செவ்வாய் மதியம் பயிற்சித் திடலில்
ஒரு பையன் நொண்டியதை யாரோ பார்த்துவிட்டார்கள்.
டேரியன் ஹோல்க்விஸ்ட். இருபது வயது. குவார்ட்டர்பேக்.
இடது முட்டி.
முந்நூறு மைல் தள்ளி, கவுன்சில் பிளஃப்ஸில்,
எங்கள் பலகை கண் சிமிட்டியது:
நான்கு.
ஐஸ் வைத்துக் கட்டினான், மூன்று.
ஸ்கேனுக்குப் போனான், இரண்டரை.
கோச் வாயைத் திறக்கவில்லை,
அதற்கும் ஒரு விலை இருந்தது.
வியாழன் இரவு விடுதிப் படியேறும்போது
கைப்பிடியைத் தொடவே இல்லையாம்,
மூன்றரை.
அங்கேயே நின்றுவிட்டது.

அந்த அரையை
இருபது வருடமாக எனக்குத் தெரியும்.
எந்த மைதானத்திலும் எவனும் அதை அடித்ததில்லை.
ஆறு உண்டு, மூன்று உண்டு, இரண்டு உண்டு,
போனால் போகிறதென்று ஒன்றுகூட உண்டு.
அரைக்கு விசில் கிடையாது.
ஸ்கோர்போர்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
சமன் என்று சொல்லி
யாரும் காசைத் திருப்பிக் கேட்டுவிடக் கூடாதென்று
யாரோ மேசையில் உட்கார்ந்து செய்தது.

சனிக்கிழமை. சாம்பியன்ஷிப்.
மிசௌரி ஆற்றின் ஓரமெல்லாம் உறைந்து கிடக்கிறது.
மக்காச்சோள லாரி ஓட்டும் ஆர்லோ
கார்வெல் மீது ஆயிரத்து நூறு வைத்தான்,
ஆயிரம் ஜெயிக்க.
தாள்கள் டீசல் மணத்தன.
அவனுக்குப் பின்னால் இர்மா வாச்செக்,
கார்வெல் ஸ்வெட்டர், கார்வெல் தொப்பி,
காதில் கார்வெல் தோடு.
வருடா வருடம் போல
எதிரணி வால்டன் டெக் மீது பத்து டாலர்.
"நம்ம பசங்க தோத்தா சாப்பாட்டுக் காசாச்சு,
ஜெயிச்சா ஜெயிச்சாச்சு.
வெறுங்கையோட வீட்டுக்குப் போறதில்ல நான்."

கடைசி ஒரு நிமிடம் பத்து நொடி.
இருபத்து நான்கு, இருபத்தொன்று.
பந்து கார்வெல் கையில்,
கோட்டுக்கு இரண்டே கெஜம்.
வால்டனிடம் நிறுத்தக் கேட்க ஒரு டைம்அவுட்டும் மிச்சமில்லை.
ஆர்லோ நாற்காலிமேல் ஏறி நின்றான்.
"ரெண்டு கெஜம்டா! நடந்தே போகலாம்டா!"

பையன் பந்தை வாங்கினான்.
இரண்டடி பின்வாங்கினான்.
வாரம் முழுக்க நாங்கள் விலை பேசிய
அதே இடது முட்டியை
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல
புல்லில் வைத்தான்.

கடிகாரம் ஓடியது.
மறுபடி ஒருமுறை வைத்தான்.
ஆட்டம் முடிந்தது.

அங்கே காகிதத் துண்டுகள் பனிபோலக் கொட்டின.
இங்கே ஒரு கூடம் நிறைய
ஜெயித்த அணியின் சட்டை போட்டவர்கள்
ஜெயித்த அணியைத் திட்டினார்கள்.
இரண்டு கெஜத்தைத் தின்றுவிட்டான் என்றார்கள்.
கோழை என்றார்கள்.
விலைபோய்விட்டான் என்று ஒருவர்
மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.
ஆர்லோ சீட்டைக் கிழிக்கவில்லை,
நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
வண்டிச் சாவியைத் தேடினான்.
அது அவன் கையிலேயே இருந்தது.

இர்மா என் சன்னலுக்கு வந்தாள்.
பத்தொன்பது டாலர் ஒன்பது சென்ட்.
கோப்பையும் காசும் ஒரே நாளில்
அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"எழுந்திருக்கும்போது
வலது கால்ல மட்டும் ஊன்றி எழுந்தான்," என்றாள்.
"முகத்தைச் சுளிச்சான். பாத்தியா?"

இல்லை.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது சென்ட்டைப் பலகைமேல் விட்டுவிட்டு
தொப்பியைக் கழற்றிக்கொண்டே போனாள்.