பஞ்சு

பர்கூரில் ரம்பம் கிரானைட்டை அறுக்கும்
கொட்டகை ஓரம் என் பில் மேசை.
ஒன்பது வருஷமாய்
காதில் பஞ்சு வைத்துத்தான் கணக்கெழுதுகிறேன்.
பஞ்சுக்கும் உள்ளே இயர்போன்,
அதற்குள் அவர்கள்.

இரண்டு தடவை ரத்தானது. ஒருமுறை மழை,
ஒருமுறை டிரம்மருக்கு மஞ்சள் காமாலை.
இன்றைக்கு ஓசூரில், ராயக்கோட்டை ரோட்டில்
ஒரு கல்யாண மண்டபம்.
வாசலில் நேற்றைய காதுகுத்து பேனர்
இன்னும் அவிழ்க்கவில்லை.

சூளகிரி தாண்டித்தான் துப்பட்டாவை எடுத்தேன்.
கறுப்புச் சட்டையைப் பார்த்து
"கட்சிக் கூட்டமா?" என்றார் கண்டக்டர்.
தலையாட்டினேன்.

முதல் கிதார் இறங்கியதும்
மணமேடைத் தெர்மாகோல் மயில் ஒன்று
கழுத்தோடு விழுந்தது.
ஜல்லி லாரி கவிழ்கிற தொண்டை அவனுக்கு.
ஒரு சொல் விளங்காது.
எனக்குத் தெரியும் எல்லாம்,
அவன் மூச்சு வாங்கும் இடம்கூட.

பக்கத்துப் பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டி
என்னவோ கேட்டான்.
"என்னது?"
"என்னது?" என்றான் அவனும்.
கூந்தல் அவிழ்ந்து அவன் முகத்தில் அடித்தது,
மன்னிப்புக் கேட்க நேரமில்லை.

காலை எட்டரைக்கு ரம்பம் ஓடுகிறது.
லோடு நம்பரை மூன்றாம் தடவை கத்துகிறார்
மேஸ்திரி சின்னப்பையன்.
கழுத்து திரும்பவில்லை.
நாற்காலியோடு
மொத்தமாய்த் திரும்புகிறேன்.