எஃப் ஷார்ப்பில் ஓர் ஓநாய்

வங்கிப் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டம்
சுண்டுவிரல் நகத்தளவு.
செல்லோ என்று எழுதினேன்.
செல்போன் கடையா பூங்கோதை மேடம், என்றார்
ஐந்து ரோடு கிளையின் கடன் அதிகாரி.
இல்லை, வயலினுக்குப் பெரியப்பா முறை என்றேன்.
கடன் எதற்கு?
வில் வாங்க.
நாலு லட்சத்துக்கா, என்று பேனாவை மூடி வைத்தார்.

வருமானச் சான்று கேட்டார், சொன்னேன்:
கோடம்பாக்கத்தில் ஒரு பகல்,
கதாநாயகி அழுவதற்கு எட்டு பார்.
பெங்களூரில் கல்யாண வரவேற்பு,
பஃபே வரிசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு எதிரே.
ரீகாவில் ஒரு மாலை,
குதிரைக்கு அந்தப் பக்கம் கம்பியைச் சுரண்டிப் பதினொரு நிமிடம்.
சுருதி சேர்த்தாச்சா, எப்போ ஆரம்பிப்பீங்க
என்று அங்கே யாரும் கேட்கவில்லை.
அதே உருப்படிக்குச் சேலத்தில் கேட்டார்கள்.

அழகாபுரத்தில் மாடி வீடு.
மொசைக் தரையில் இருபத்தேழு குழிகள்,
ஒவ்வொன்றும் மிளகளவு.
அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார் வையாபுரி.
எனக்குக் குழிகளின் தேதி தெரியும்.
கட்டிலோரம் இருப்பது
வியன்னாவில் இரண்டாம் சுற்றோடு திரும்பிய வாரம்.
அடுப்படி வாசலில் இருப்பது மின்வெட்டு,
அங்கேதான் கொஞ்சம் காற்று வந்தது.
ஊன்றுமுள் வளைந்தபோது
ஜெர்மனியிலிருந்து வர நாற்பது நாள் என்றார்கள்.
லீ பஜார் பக்கம் லேத் போட்டிருக்கும் சுக்கூர்
அரை மணியில் கடைந்து கொடுத்தார்.
நம்ம ஊர் எஃகு, துருவே ஏறாது,
ஆனா இது எதுக்குங்க?
நிற்க, என்றேன்.

எல்லா செல்லோவுக்குள்ளும் ஓர் ஓநாய் உண்டு.
ஏதோ ஒரு சுரத்தில்
மரத்தின் அதிர்வும் கம்பியின் அதிர்வும்
ஒரே வாசலில் முட்டிக்கொள்ள
தொண்டை கட்டி உறுமும்.
குதிரையும் ஓநாயும் ஒரே பெட்டியில்.
என்னுடையது எஃப் ஷார்ப்பில்.
பத்தொன்பது வருடமாக
முழங்காலால் அதன் விலாவை இறுக்கி,
வில்லைச் சற்றுக் கனமாக்கி,
தெருநாய் படுத்திருக்கும் சந்தைக் கடப்பதுபோல்
கடந்து பழகியிருக்கிறேன்.

ஆடி மாதம், ஏற்காட்டில் கச்சேரி.
காப்பித் தோட்டக்காரர் ஒருவரின் வரவேற்பறை.
நாற்காலி நாற்பது, ஆள் பதினாறு.
சன்னலை அடைத்தும்
டிக்கெட் இல்லாமல் வந்து உட்கார்ந்தது மூடுபனி.
பிருடைகள் ஊதி இறுகின.
ஏழே காலுக்குக் கடைசி பஸ் என்றது ஒரு குரல்.
இரண்டாம் பகுதியில் எஃப் ஷார்ப் வரும் இடம்,
முழங்காலை இறுக்கினேன்.
ஓநாய் அங்கே இல்லை.

அரை அடி கீழே, வெறும் எஃப்பில்,
பதுங்கியிருந்து கவ்வியது.
வில் துள்ளிற்று. ஒரு பிள்ளை சிரித்தது.
விலகிப் போயிருக்கலாம்.
முழங்காலைத் தளர்த்தினேன்.
ஊளையிடட்டும் என்று
அங்கேயே நின்றேன், நின்றேன்,
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்,
பதினாறில் ஒன்பது பேர் பஸ்ஸுக்குப் போயிருந்தார்கள்.

குல்லாவைக் கழற்றாமல் ஒருவர் கிட்டே வந்தார்,
தோட்டத்து மேஸ்திரி போல.
கடைசியா ஒரு சத்தம் வந்துதே,
அது எழுதினதா, தானா வந்துதா?
தானா வந்தது.
அப்ப சரி, என்றார்.
எது சரி என்று இன்னும் யோசிக்கிறேன்.

மறுநாள் முதல் பஸ்.
உள்ளே ஆள் கீள் இருக்கா, என்றபடி
செல்லோவுக்கும் முழு டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
துப்பட்டாவால் சீட்டோடு கட்டினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
என் தோளில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.
கோரிமேட்டில் வெயில், காதடைப்பு விட்டது.
ஓநாய் பழைய இடத்துக்குத் திரும்பியதா,
திறந்து பார்க்க நேரமில்லை.
பதினொரு மணிக்குள் வங்கியில் கையெழுத்து.
டிக்கெட்டை மடிக்காமல் வைத்திருக்கிறேன்:
பெரியவர் இரண்டு.
வருமானச் சான்றோடு இணைத்துக் கொடுத்தால்
வாங்கிக்கொள்வாரா தெரியவில்லை.